எழிலின் தோளுக்கு ஒரு வேண்டுதல்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
4.8.2024

அம்முலு,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேச ஆரம்பித்தால் நான் அழுகிறேன். நான் அழுதால் நீயும் அழுகிறாய். அதற்குள் உன் நேரம் முடிந்து போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். "எழுதி அனுப்பும்மா, எழுத்துல நீ அழுதா எனக்குக் கேக்காது" என்று போன வாரம் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். அப்பா ஆட்டோவில் போகும்போது தபாலாபீசில் போட்டுவிடுவார்.

நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஓட்டத்தில் பாஸ், சட்டப் பரீட்சையில் பாஸ், கைத்துப்பாக்கி சுடும்போது மட்டும் கை நடுங்குகிறது, குண்டெல்லாம் அட்டைக்குக் கீழே மண்ணில் போய் விழுகிறது என்றாய். அக்டோபரில் வைக்கிற டெஸ்டில் தேறாவிட்டால் உன்னோடு சேர்ந்த பெண்கள் எஸ்.ஐ. ஆகி ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள், நீ மட்டும் அங்கேயே நின்று அடுத்த பேட்சோடு மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்றாய். அதைச் சொல்லும்போது உன் குரல் எப்படிப் போயிற்று என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆடி வெள்ளிக்குப் படவேட்டுக்குப் போக முடியவில்லை. உன் அண்ணன் மணி போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதுவரைக்கும் நம் வீட்டு ஆட்கள் கோயில் வாசற்படி மிதிக்கக் கூடாது. அதனால் வீட்டிலேயே ரேணுகாம்பாளை நினைத்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டேன்.

வேண்டுதல் இதுதான். நீ துப்பாக்கியில் தேறுகிற வரைக்கும் ஒருபொழுது இருக்க வேண்டும். மத்தியானம் ஒரு வேளைதான் சோறு. கவுச்சி கூடாது, முட்டையும் கூடாது. கைக்குப் பலம் வருவதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடிக்கச் சொல்கிறார்கள் என்றாயே, அதைக் குளித்துவிட்டுக் கிழக்கே பார்த்துச் செய். ஒரு நாளும் விடக் கூடாது. உடம்பு முடியாவிட்டாலும் விடக் கூடாது. அதையும் சேர்த்துத்தான் முடிந்திருக்கிறேன்.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று கோபப்படாதே. "மவ துப்பாக்கி பிடிக்கறதுக்கு நீ பட்டினி போடறியா, நல்லா இருக்குது போ" என்று அப்பா சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொல்லுவார். ஒரு பிள்ளையைக் கொடுத்த பிறகு என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அம்மா

*

பயிற்சிப் பள்ளி விடுதி
13.8.2024

அம்மா,

கடிதம் வந்ததும் அறையில் எல்லோரும் சுற்றி நின்றுவிட்டார்கள். இங்கே யாருக்கும் கடிதம் வருவதில்லை. பக்கத்துக் கட்டில் ரேவதி போளூர்க்காரி, கபடி ஆடியவள். "யாருடி அவன், கையெழுத்து இவ்ளோ குண்டு குண்டா இருக்குது" என்று பிடுங்கப் பார்த்தாள். எங்க அம்மா என்றேன். படித்துக் காட்டச் சொன்னாள். படித்து முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்போ உன் முட்டை எனக்கா?" காலையில் கொடுக்கும் வேகவைத்த முட்டை இப்போது தினமும் அவள் தட்டில்தான். என்னை "சாமி" என்று கூப்பிடுகிறாள்.

ஆமாம், ஒத்துக்கொண்டேன். ஒருபொழுது ஆரம்பித்துவிட்டேன்.

துப்பாக்கி பெரிய கனம் என்று நீ நினைத்திருப்பாய். கிடையாது. குண்டு போட்ட பிறகும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுதான் இருக்கும். தூக்குவது சுலபம். நீட்டிய கையில் அதை அசையாமல் நிறுத்துவதுதான் வேலை. முனையில் அரிசி அளவுக்கு ஒரு மேடு இருக்கும். அதைக் குறிக்கு நேராக வைத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலை மட்டும் மெதுவாக அழுத்த வேண்டும். எனக்கு அதற்குள் தோள் எரிய ஆரம்பிக்கும். தோள் தளர்ந்தால் முழங்கை தளர்கிறது, அப்புறம் மணிக்கட்டு. அந்த மேடு ஆடும். ஆடுகிறதே என்று இறுக்கிப் பிடிப்பேன். இறுக்கினால் இன்னும் ஜாஸ்தியாக ஆடும்.

அதற்குத்தான் இந்தப் பயிற்சியெல்லாம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தரையில் தண்டால், முழங்கையை ஊன்றிக்கொண்டு உடம்பைப் பலகை மாதிரி நிறுத்துவது. ஈரத் துண்டை முறுக்கிப் பிழிவதும் ஒரு பயிற்சி, அது பிடிக்கு. நீ துணி துவைப்பதைப் பார்த்தால் எங்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுக்கும் ராஜேந்திரன் சார் உன்னை நேராகத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அனுப்பிவிடுவார். கடைசியில் பாட்டில். இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, சுவரில் வைத்த ஒரு புள்ளியை விடாமல் பார்க்க வேண்டும். உன் வேண்டுதல்படி கிழக்குச் சுவரில் புள்ளி வைத்திருக்கிறேன்.

ராஜேந்திரன் சார் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யச் சொன்னார். நான் தினமும் செய்கிறேன். வேண்டுதல் என்று அவரிடம் சொல்லவில்லை.

ராத்திரி பசிக்கிறது. பரவாயில்லை. அண்ணன் போன பிறகு நீ ஒரு காரியத்தைப் பற்றி இப்படி முழுசாகப் பேசி நான் கேட்டதில்லை. இதைச் செய், அதைச் செய்யாதே என்று நீ சொல்லியே எவ்வளவு நாள் ஆயிற்று. அதற்காக இருக்கலாம் என்று தோன்றியது.

எழில்

*

வேங்கிக்கால்
22.8.2024

அம்முலு,

நீ ஒருபொழுது இருக்கும்போது எனக்கு மட்டும் எப்படி ராத்திரி சோறு இறங்கும். நானும் இருக்கிறேன். "வீட்ல ரெண்டு சாமி, நான் ஒருத்தன் மட்டும் பாவி, எனக்குக் கருவாடு எவ வறுத்துத் தருவா" என்கிறார் அப்பா. பக்கத்து வீட்டு ஆராயி அவருக்குக் கொடுத்து அனுப்புகிறாள்.

ஆசிரமத்துப் பக்கம் நான் ரூம் கூட்டும் லாட்ஜில் யாரோ ஒரு முழுப் பாட்டிலைத் திறக்காமல் விட்டுப் போயிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நீ சொன்ன மாதிரி நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. இதற்கா இந்தப் பெண் அப்படிச் சொன்னாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் உள்ளே தானாக ஆடுகிறது. கை ஆடுவது எனக்குத் தெரியவில்லை, தண்ணீர் ஆடுவதுதான் தெரிந்தது. அப்புறம் தோளில் மிளகாய் அரைத்துப் பூசினது மாதிரி ஆயிற்று. இதை என் பிள்ளை தினமும் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

பௌர்ணமிக்கு நல்ல கூட்டம். செங்கம் ரோடு முழுக்கத் தலைதான். நான் கிரிவலம் போக முடியாது, லாட்ஜ் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் இதே ஜனத்துக்குள் மணி தண்ணீர் பாக்கெட் கொடுத்துக்கொண்டு நின்றான். இந்த வருஷம் வேறு யாரோ பையன்கள் கொடுத்தார்கள். ஒருத்தன் எனக்கும் நீட்டினான். வேண்டாம் என்றேன்.

உன் அண்ணனைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டான். ஒரு மண்டலம் இருக்க வேண்டியவன், கூட்டாளி முருகவேல் கல்யாணத்தில் பிரியாணி என்று பாதியிலேயே கழற்றி ஆணியில் மாட்டினான். "டேய், வேண்டாண்டா" என்றேன். "சாமி ஒண்ணும் கோச்சிக்காதும்மா, அடுத்த வருசம் சேத்துப் போட்டுக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே செண்ட் அடித்துக்கொண்டு போனான். தை பிறக்கவில்லை, அதற்குள் செங்கம் ரோட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதனால்தான் உன்னிடம் ஒரு நாளும் விடாதே என்கிறேன். வேறு எதற்கும் இல்லை.

அம்மா

*

பயிற்சிப் பள்ளி விடுதி
5.9.2024

அம்மா,

இதை இடது கையால் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. வலது கைதான். தோளுக்குக் கட்டுப்போட்டுக் கையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதனால் எழுத்து கோணலாக இருக்கிறது.

நான் சொல்வதைக் கடைசி வரை படி.

பாட்டிலை முதல் வாரம் நன்றாகப் பிடித்தேன். இரண்டாவது வாரமும் பரவாயில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முந்தின நாளை விடக் கம்மியாகத்தான் பிடிக்க முடிந்தது. பலம் ஏறும் என்று பார்த்தால் இறங்கிக்கொண்டே வந்தது. காலையில் தலை சீவக் கையைத் தூக்கினால் வலி. வேண்டுதலாயிற்றே என்று விடாமல் செய்தேன்.

திங்கட்கிழமை ரேஞ்சில் ஐந்து பேர் வரிசையாக நின்றோம். என் இடது பக்கம் ரேவதி. முதல் குண்டு சுட்டேன். பிறகு கை கீழே வந்தது. நான் இறக்கவில்லை, அதுவாகவே வந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. துப்பாக்கி முனை இடது பக்கம் சாய்ந்தது. விரல் விசை மேலேயே இருந்தது. ராஜேந்திரன் சார் பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்து முன் பக்கம் திருப்பித் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். குண்டு வெடிக்கவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த முனை ஒரு நிமிஷம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்கும் ரேவதிக்கும் தெரியும்.

"காலையில இன்னா சாப்பிட்ட?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"நேத்து ராத்திரி?"

"இல்ல சார்."

"சார், அவ வேண்டுதல் சார்" என்றாள் ரேவதி. யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே தசைநார் வீங்கியிருக்கிறது என்றார்கள். ஒரு வாரம் கைக்கு வேலையே கூடாது. அதற்குப் பிறகும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். "பயிற்சி பண்ணும்போது தசை நைஞ்சு போகுதும்மா. சாப்பிட்டு, ஓய்வு எடுக்கும்போதுதான் திரும்பக் கெட்டியாகுது. நீ நைச்சுக்கிட்டே இருக்க, கட்டவே விடல" என்றார்கள். பருப்பு, பால், முட்டை, மூன்று வேளையும் சாப்பிட்டாக வேண்டும். தோள் தேறினால்தான் அக்டோபர் டெஸ்டுக்கு விடுவோம் என்று சார் சொல்லிவிட்டார்.

கை வேலையை நிறுத்தியாயிற்று, அது டாக்டர் உத்தரவு. சாப்பாட்டை மட்டும் இன்னும் ஒருபொழுதாகவே வைத்திருக்கிறேன். உனக்குத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு இருக்கிறேன் என்று எழுத என்னால் முடியாது. நானாக உடைத்தால் நீ தாங்க மாட்டாய். நீதான் முடிந்தாய், நீயே அவிழ்த்துவிடு.

எழில்

*

வேங்கிக்கால்
9.9.2024

எழில்,

முடியாது.

மணியும் இப்படித்தான் ஒரு நியாயம் சொன்னான். எல்லோரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது.

கையை ஓய்வாக வை, டாக்டர் சொன்னால் சரி, சாமியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஒருபொழுதை விடாதே. தயிர் சேர்த்துக்கொள். மத்தியானம் இன்னும் ஒரு கரண்டி ஜாஸ்தியாகப் போட்டுக்கொள். வாழைப்பழம் ஒருபொழுதுக்கு ஆகும்.

எழுதிய காகிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். இதற்கு மேல் எனக்கு வரவில்லை.

அம்மா

*

பயிற்சிப் பள்ளி விடுதி
13.9.2024

அம்மா,

நீ எனக்கு "எழில்" என்று எழுதி நான் பார்த்ததில்லை.

அண்ணன் மாலையைக் கழற்றியதால் சாகவில்லை. இருட்டுகிற நேரத்தில், பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கூட இல்லாமல் கரும்பு ஏற்றிய டிராக்டரை ரோட்டில் நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் தலையில் ஹெல்மெட் இல்லை. எனக்கு இங்கே விபத்து வழக்கு என்று ஒரு பாடம் இருக்கிறது. அதில் படம் போட்டுக் காட்டுவார்கள், எந்த வண்டி எங்கே நின்றது, வெளிச்சம் எங்கே இருந்தது என்று. ஒவ்வொரு படத்திலும் நான் செங்கம் ரோட்டைத்தான் பார்க்கிறேன். எந்தப் படத்திலும் மாலை இல்லை.

இதைச் சொல்ல எனக்கு மட்டும் வாய் வருகிறதா. கலெக்டர் ஆபீஸ் பின்னால் காலி மனையில் என்னை ஓடவிட்டுக் கையில் போனை வைத்துக்கொண்டு நேரம் பார்த்தவன் அவன். "ஆமை, எஸ்.ஐ. ஆமை, திருடன் டீ குடிச்சிட்டு போயிருப்பான்" என்று கத்திக்கொண்டே பின்னால் வருவான். நான் இங்கே வந்ததே அவனால்தான். இந்தத் துப்பாக்கியில் தேறாமல் வீட்டுக்கு வந்து அவன் படத்துக்கு எதிரில் உட்கார எனக்கு மனசில்லை.

உன் வார்த்தை இல்லாமல் நான் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எனக்கு ஒன்றும் ஆகாது. உனக்குத்தான் ஆகும். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் என் பெயரைச் சொல்லப்போகிறார்கள் என்று நினைப்பாய். அதனால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயந்துகொண்டு இல்லை.

ரேவதி முட்டையைத் திரும்ப என் தட்டில் வைக்கிறாள். நான் அவள் தட்டில் வைக்கிறேன். நேற்று அவள் அதைச் சாப்பிடவில்லை. இருவர் தட்டுக்கும் நடுவில் மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் என்னோடு பேசுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் ரேஞ்சுக்கு வரிசை நிற்கும்போது எனக்குப் பக்கத்தில் நிற்பதில்லை.

எழில்

*

வேங்கிக்கால்
18.9.2024

அம்முலு,

உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு ஆட்டோவைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அப்புறம், "பூ போட்டுப் பாத்துடு. ஆத்தாவே சொல்லட்டும்" என்றார்.

நேற்று நம் தெரு முனை மாரியம்மன் கோயிலுக்கு ஆராயியை அனுப்பினேன். நானும் அப்பாவும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பெட்டிக்கடை ஓரமாக நின்றோம். பூசாரி சுப்பன் வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்து அம்மன் காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் அவிழ்க்கலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று கேட்கச் சொல்லியிருந்தேன். அம்மன் எல்லாம் ஒன்றுதான், இந்த அம்மனிடம் கேட்டால் படவேட்டுக்கும் சேரும்.

ஆராயி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. சிவப்பு.

அவள் ஓடி வந்து, "இன்னொரு வாட்டி கேக்கலாங்க்கா. மூணு வாட்டி கேக்கலாம்னு பூசாரியே சொல்றாரு" என்றாள்.

"வெள்ளை வர வரைக்கும் கேப்பியா? அதுக்கு எதுக்கு அம்மன், நீயே எடுத்துக்கயேன்" என்றார் அப்பா. அவர் எனக்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். என்னால் இன்னொரு தடவை நிற்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்பு வந்ததை உன்னிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கூட நினைத்தேன். நீ எனக்குத் தெரியாமல் ஒரு முட்டை சாப்பிடவில்லை. நானும் உனக்கு மறைக்கக் கூடாது.

சாமி சொன்ன பிறகு மீறக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். காகிதத்தை எடுத்து, வேண்டாம், அப்படியே இரு என்று எழுதவும் ஆரம்பித்தேன். அப்போது அந்தப் போளூர்ப் பெண் நினைவுக்கு வந்தாள். அவளை நான் பார்த்ததில்லை. அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள். அவளும் ஞாயிற்றுக்கிழமை போனுக்காக வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள். உன் கை இன்னொரு தடவை கீழே வந்து, அந்தச் சார் பிடிக்கப் பிந்திவிட்டால், நான் முடிந்த காசுக்காக அந்த அம்மா வீட்டுக்கு ஆள் வந்து சொல்லுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதை இன்னொருத்திக்கு நான் கொடுக்க மாட்டேன், எந்தச் சாமி கேட்டாலும்.

அவிழ்த்துவிட்டேன். இன்றைக்குக் காலையில் அவிழ்த்துக் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரேணுகாம்பாளிடம் சொன்னேன். "ஆத்தா, எம் பொண்ணு உன் பேச்சை மீறல. நான்தான் மீறினேன். எதுவா இருந்தாலும் என்னாண்ட வச்சுக்க" என்று. அவள் கேட்டாளா என்று தெரியாது.

இந்தக் கடிதம் கைக்கு வந்த உடனே சாப்பிடு. மூன்று வேளையும். முட்டையைச் சாப்பிடு. அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிடு.

அம்மா

*

பயிற்சிப் பள்ளி விடுதி
27.10.2024

அம்மா,

போனில் சொன்னதை எழுத்திலும் சொல்லச் சொன்னாய். சொல்கிறேன். தேறிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று ராத்திரி நான் இரண்டு முட்டை சாப்பிட்டேன். ரேவதி எதிரில் உட்கார்ந்து, கடன் வசூல் பண்ணுகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பூவில் சிவப்பு வந்ததை அவளிடம் சொல்லவில்லை. அவள் அம்மாவைப் பற்றி நீ எழுதியதை மட்டும் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். திரும்பி வந்து, "உங்க அம்மாவுக்கு மாவடு புடிக்குமாடி, எங்க வீட்ல போடுவாங்க" என்றாள்.

தோள் வீக்கம் வடியும் வரைக்கும் சும்மாதான் இருந்தேன். சும்மா இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு பாட்டிலில் பாதித் தண்ணீர் வைத்து ஆரம்பித்தேன். ஒரு நாள் தோள், மறுநாள் ஒன்றும் இல்லை. சுவரைத் தள்ளுவது, பலகை மாதிரி நிற்பது, துண்டு முறுக்குவது எல்லாம் திரும்ப. கை நடுங்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே இறக்கிவிட வேண்டும் என்று சார் சொன்னார். முன்னெல்லாம் நடுங்கிய பிறகும் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் பலம் என்று நினைத்திருந்தேன். நடுங்கின கையோடு பழகினால் கை நடுக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும் என்றார். தோளைக் காதுப் பக்கம் தூக்காமல் கீழே விட்டு, முதுகால் பிடிக்க வேண்டும். அது பிடிபட எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. பிடிபட்ட அன்று அந்த மேடு ஆடுவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சமாக ஆடியது. அந்த ஆட்டத்துக்குள்ளேயே சுட முடிந்தது.

டெஸ்ட் அன்று ரேவதி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இடது பக்கம். யாரும் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை.

குண்டெல்லாம் அட்டைக்குள்ளேதான். ஒன்றுதான் ஓரமாகப் போயிற்று. சார் அட்டையைப் பார்த்துவிட்டு, "போய்ச் சாப்பிடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா. உடம்பு நன்றாக இருக்கிறது. நீ பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. நீயும் ராத்திரி சாப்பிட ஆரம்பித்தாயா என்று நான் கேட்டதற்கு நீ போனில் பதில் சொல்லவில்லை.

எழில்

*

வேங்கிக்கால்
3.11.2024

அம்முலு,

ராத்திரி சாப்பிடுகிறேன். அப்பாவுக்குக் கருவாடும் வறுத்துக் கொடுக்கிறேன்.

தீபாவளி நமக்கு இல்லை. ஆனாலும் நீ தேறிய சேதியைக் கேட்டு ஆராயி பலகாரம் கொண்டு வந்தாள். அப்பா ஸ்டாண்டில் எல்லா ஆட்டோக்காரர்களிடமும் சொல்லிவிட்டார். "இனிமே என் வண்டியை எவனும் ஓவர்டேக் பண்ண முடியாது, எம் மவ எஸ்.ஐ." என்றாராம். எனக்கும் சந்தோஷம்தான். நீ அந்த உடுப்பில் எப்படி இருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். தோள் அகலமாக இருக்கும் இல்லையா இப்போது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். காசை அவிழ்த்த நாளிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்தேன். சிவப்பை மீறினவள் நான். ஏதாவது வரும் என்று தெரியும். என்னிடம் வரட்டும் என்று சொல்லியிருந்தேன், ஆனாலும் உன்னிடம் வந்துவிடுமோ என்றுதான் பயம். லாட்ஜில் ரூம் துடைக்கும்போது போனை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தேன். ஒரு நாள் யாரோ தெரியாத நம்பரிலிருந்து கூப்பிட்டான், நான் எடுக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் லோன் வேண்டுமா என்று கேட்கிறவன்.

ஒன்றும் வரவில்லை. நீ மூன்று வேளையும் சாப்பிட்டாய், தேறினாய். எனக்கு ஒரு காய்ச்சல் கூட இல்லை. அப்பா வண்டி பஞ்சர் கூட ஆகவில்லை. அம்மன் என்னை ஒன்றும் செய்யவில்லை. நான் அவளிடம் நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது தோன்றியது.

இத்தனை மாசமாக மணி மாலையைக் கழற்றினதால் போனான் என்று எனக்கு ஒரு காரணம் இருந்தது. நல்ல காரணம் இல்லைதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் காலையில் எழுந்திருந்தேன். அவன் தப்பு செய்தான், சாமி கோபித்துக்கொண்டது, அதனால் போனான். அதில் ஒரு கணக்கு இருந்தது. இப்போது அதைவிடப் பெரிய தப்பை நான் செய்தேன், தெரிந்தே, வாய் விட்டு அம்மனிடமே சொல்லிவிட்டுச் செய்தேன். எனக்கு மன்னிப்பு இருக்கிறது. சிரித்துக்கொண்டே ஒரு மாலையைக் கழற்றினவனுக்கு மட்டும் இல்லை என்றால், அப்படிப்பட்ட சாமியிடம் நான் எப்படிப் போய் நிற்பேன். அப்படி இருக்காது. அவனை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நீ டிராக்டர் என்று சொன்னாய். அதையும் யோசித்தேன். போன வாரம் அவன் விழுந்த இடத்துக்குப் போனேன். கரும்பு வெட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை, ரோடு காலியாக இருந்தது. அங்கே டீக்கடைக்காரர், வெட்டு சமயத்தில் தினமும் அந்த டிராக்டர் அங்கேதான் நிற்கும் என்றார். எத்தனையோ பேர் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவனே போயிருக்கிறான், எத்தனையோ தடவை. ஹெல்மெட் இல்லாமல்தான்.

உன்னைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. நீ சாப்பிட்டது சரி. நான் அவிழ்த்ததும் சரி. திரும்பவும் அந்த இடத்தில் நின்றால் திரும்பவும் அவிழ்ப்பேன். நீ விபத்துப் பாடம் படித்தவள், நாளைக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்து யார் வந்தாலும் விசாரித்து எழுதப்போகிறவள். அதனால் உன்னைக் கேட்கிறேன். வேறு யாரைக் கேட்பேன்.

சாமி கோபித்துக்கொள்ளவில்லை என்றால் என் பிள்ளை எதற்காகப் போனான், அம்முலு?